ஏழாம் எண்

விடுதிக்காரன் தந்த தாளில்
பன்னிரண்டு எண்கள், பன்னிரண்டு புள்ளிகள்.
வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசில்
இரண்டு வேளை சாப்பிடலாம் என்று
நானே நடக்கக் கிளம்பினேன்.

மார்ச் மாதத்து சோஃபியா.
நடுநகரத்துச் சாலையில் மஞ்சள் கற்கள்,
மழை விட்டதும்
எண்ணெய் தடவிய தோசைக்கல் போல வழுக்குகின்றன.
ஒன்று: பொன் கவிகைத் தேவாலயம்.
பார்த்தேன். டிக் அடித்தேன்.
இரண்டு: சுரங்கப்பாதைக்குள் ரோமானியத் தெரு.
மெட்ரோவுக்கு ஓடுகிறவர்களுக்குப் பக்கத்திலேயே
ஈராயிரம் ஆண்டுச் சாக்கடை ஒன்று
விளக்கொளியில் கால் நீட்டிப் படுத்திருக்கிறது.
எங்கள் தெருச் சாக்கடைக்கு
இந்த மரியாதை கிடைக்க
இன்னும் எத்தனை நூற்றாண்டோ.

மூன்று மூடியிருந்தது.
நான்கு மசூதி, ஐந்து யூதக் கோயில்,
ஆறு வெறும் பூங்கா.
டிக், டிக், டிக்.

ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே
மடித்து மடித்து நைந்த தாளில்
ஒரு ஓட்டை.
ஏழு அதற்குள் போய்விட்டது.
கைபேசியில் உயிர் நான்கு சதவீதம்.

நடைபாதையோடு ஒட்டி
முழங்கால் உயரத்தில் ஒரு ஜன்னல்.
நிலவறைக்குள்ளிருந்து ஒரு கடைக்காரர் முகம்.
குந்தி உட்கார்ந்தால்தான் வியாபாரம்.
குந்தினேன். ஏழு இந்தப் பக்கமா என்றேன்.
இடவலமாகத் தலையை அசைத்தார்.
இல்லையா என்றேன்.
மேலும் கீழும் அசைத்தார்.
இங்கே ஆமும் இல்லையும்
இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன என்று
பிறகுதான் தெரியும்.
என் தலையோ, அதன் பழக்கப்படி,
இரண்டுக்கும் நடுவில் சாய்ந்து ஆடியது.
அதைப் பார்த்து அவர் குழம்பி
ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதையை நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.

பிறகு ஆவியைப் பார்த்துத்தான் போனேன்.
வரிசையாகக் குழாய்கள்,
பூமிக்குள்ளிருந்து தானே வரும் வெந்நீர்.
பூட்டு இல்லை, கட்டணம் இல்லை,
குடத்துச் சண்டையும் இல்லை.
கோட்டு போட்ட வக்கீல் ஒருவர்கூட
பெட்டியைக் காலிடுக்கில் வைத்துவிட்டு
புட்டி நிரப்பிக்கொண்டிருந்தார்.
(வக்கீல்தானா? அப்படித்தான் தெரிந்தார்.)

மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையுமாய்
வசந்த நூல் கட்டியிருந்த அம்மாள்,
பெயர் ஸ்த்ராவ்கா,
என் தாளைக் கேட்காமலே உருவினார்.
"ஆறில் பூங்கா என்றா போட்டிருக்கிறான்?
அங்கே கல்லறை மாளிகை இருந்தது.
ஆறே நாளில் கட்டினார்கள்.
இடிக்க வெடி வைத்தபோது
ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நின்றுவிட்டது, விழவில்லை.
நான் பல் வைத்தியரின் நாற்காலியில் இருந்தேன்.
அதிர்ச்சியில் அவர்
நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டார்."
வாயைத் திறந்து இடத்தைக் காட்டினார்.
தாளில் இல்லாத அந்த இடத்தையும்
பார்த்துக்கொண்டேன்.

ஏழு என்னவென்று கேட்டேன்.
பதிலுக்கு
இரண்டு ஆறு லிட்டர் கேன்களை
என் கைகளில் மாட்டிவிட்டார்.
வீட்டு லிஃப்ட் பழுதாம், நான்கு மாடியாம்.

எட்டு, ஒன்பது, பத்து
எங்கெங்கோ எனக்காகக் காத்திருந்தன.
நான் படியேறிக்கொண்டிருந்தேன்.
முதல் மாடியில் மிளகாய் வறுபடும் நெடி.
இரண்டில் யாரோ அக்கார்டியனில்
ஒரே அடியைத் திரும்பத் திரும்பத் தப்பாக.
மூன்றில் விரல்களை மாற்றிப் பிடிக்க நின்றேன்.
கேனின் வெதுவெதுப்பு முழங்காலில் பட்டது.

உள்ளே அவர் கணவர் லூபென்
வெறும் பேசினில் கால்களை வைத்தபடி,
பேருந்துக்குக் காத்திருப்பவர் போல.
ஊற்றினேன்.
கண்ணை மூடிக்கொண்டார்.
சூடு போதுமா?
இடவலமாகத் தலையசைத்தார்.
இந்த முறை எனக்குப் புரிந்தது.

தரையில் சிந்தக் கூடாதென்று ஸ்த்ராவ்கா
பேசினுக்கு அடியில் எதையோ விரித்திருந்தார்.
பார்த்தால் என் தாள்.
தேவாலயம் முதலில் நனைந்தது,
பிறகு மசூதி,
ஓட்டை வழியே மரத்தரை தெரிந்தது.

கீழே இறங்கியபோது இருட்டிவிட்டது.
விடுதி எந்தத் திசையோ.
ஒரு மஞ்சள் கல் கண்ணில் படும் வரை
விதை கொறித்துக்கொண்டே நடந்தேன்.